கந்தையா மாமாவின் முகத்தில் ஒரு மரண அறிவித்தல்

கையால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஆபத்தானவர்கள். கணினி இறுதியாண்டு படித்த காலத்தில் அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவி.

அப்போதுதான் ஒன்றை எழுதி முடித்திருந்தேன். படத்தில் ஒரு முகத்தின் மேல் மவுஸால் கிளிக் செய்தால், அந்த இடத்துக்குக் கிட்டவுள்ள முகத்தைத் தேடி வெட்டிச் சேமித்துவிடும். பத்துத் தரம் சோதித்தேன். ஒரு தரமும் பிழை விடவில்லை. (பத்தும் நான் தனியாக நின்று எடுத்த செல்ஃபி.)

அந்தக் கிழமை எங்கள் ஊரான சரவணையில் பெரியப்பா காலமானார். தனியாகப் படமெடுக்க ஒருநாளும் நிற்காதவர். ஒரு கலியாண வீட்டில் ஐந்து பேர் வரிசையாக நின்ற படம்தான் இருந்தது. வலது ஓரத்தில் பெரியப்பா.

"இதிலதான் பிள்ளை சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். நோட்டீசுக்கு இதையே போடு" என்றார் பெரியம்மா.

"போனிலயே வெட்டலாமே" என்றார் அண்ணை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. மடிக்கணினியில் கிளிக் செய்தேன். 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. திறந்து பார்க்காமலே ஊர்காவற்றுறையிலிருந்த அச்சகத்துக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை, சந்தியெல்லாம் நோட்டீஸ். பெரியப்பாவின் சிநேகிதர் கந்தையா மாமா மடத்துவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர், அதில் ஒன்றைக் கிழியாமல் உரித்துக்கொண்டு செத்தவீட்டுக்கு வந்தார்.

"நீரோ பிள்ளை இது அடிப்பிச்சது?"

"ஓம் மாமா."

"பேர் அவன்ர. முகம் என்ர."

படத்தில் நடுவில் நின்றவர் அவர். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பதிலாக விளக்கம் கொடுத்தேன்.

"பெரிய படத்தைப் பாதியாச் சுருக்கித்தான் காட்டினது மாமா. மவுஸ் சொன்ன இடத்தை இரண்டால பெருக்க மறந்துபோனன். சின்னப் படத்தில ஓரத்தில இருக்கிறது, பெரிய படத்தில நடு."

பொறுமையாகக் கேட்டார். "அப்ப, இரண்டால பெருக்காததாலயோ நான் செத்தனான்?"

யாரோ போனில் படமெடுத்துப் போட, நோட்டீஸ் அதற்குள் கடல் கடந்துவிட்டது. பிரான்ஸிலிருந்து அவருடைய மகள் அழுதுகொண்டு போன் எடுத்தார். "ஓம் பிள்ளை, இருக்கிறன்" என்று அவரே பதில் சொன்னார்.

அச்சகத்துக்காரர், "நீர் அனுப்பினதைத்தானே தங்கச்சி அடிச்சனாங்கள். இனிப் பின்னேரந்தான் ஏலும்" என்றார். பெரியப்பாவை எடுக்கும் நேரமோ மத்தியானம். நானும் அண்ணையும் மோட்டார் சைக்கிளில் திரிந்து எல்லாவற்றையும் கிழித்தோம்.

திரும்பி வந்தபோது பெரியம்மா என்னை ஏசவில்லை. "அந்தச் சிரிச்ச முகத்தைச் சனம் ஒருக்காப் பாக்கட்டும் எண்டுதான் தந்தனான்" என்றார். அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் சரியான படத்தைப் போட்டோம். ஆனால் அவரை வழியனுப்பிய அன்று ஊர்ச் சந்திகளில் அவர் முகம் இல்லை. அதை எந்தத் திருத்தத்தாலும் சரிசெய்ய ஏலாது.

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது கந்தையா மாமாவிடம் சுகம் கேட்டால், "செத்து ஆறு வருசம். ஒரு குறையும் இல்லை" என்பார். வீடே சிரிக்கும். பெரியம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அது எந்த நீர் என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.