பக்கத்து வீட்டையும் வாங்கிய ஆர்வில் எழுதுவது

டொலீடோ, ஓஹையோ
மார்ச் 3

என் மதிப்புக்குரிய அக்கா வினிஃப்ரெட்டுக்கு, தம்பி ஆர்வில் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் லோர்னாவும் நாயும் சுகம். அரிசோனா வெயிலில் உன் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டை நான் அடமானம் வைத்துவிட்டதாக லோர்னா தொலைபேசியில் அழுதாள் என்று எழுதியிருக்கிறாய். வைத்தது உண்மை. அழ என்ன இருக்கிறது? ஓட்டல் கூடத்தில் மூன்று நாள் வகுப்பு எடுத்த மனிதர் சொன்னபடிதான் செய்தேன். பாழடைந்த வீட்டை வாங்கு, புதுப்பி, வாடகைக்கு விடு, கூடிய மதிப்பைக் காட்டி வங்கியில் பெரிய கடனாக மாற்று, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டை வாங்கு. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி நான் சேர்க்காத சொத்தை அந்த ஆள் படுத்துக்கொண்டே சேர்த்தாராம்.

அப்படி ஒரு பாழடைந்த வீட்டை வாங்கினேன். கூரை ஒழுகியது, மாற்றினேன். ஜனவரிக் குளிரில் குழாய் வெடித்து, புதிதாகப் போட்ட மரத்தரை உப்பிக் கிளம்பியது, அதையும் மாற்றினேன். சமையலறைக்கு இளஞ்சிவப்பு கிரானைட் போட்டேன். லோர்னா அதைத் தடவிப் பார்த்து, "நம்ம வீட்டு அடுப்பு பத்து வருஷமா ஒரு பக்கம் எரியல. எவளோ வாடகைக்கு வர்றவளுக்கு இதெல்லாமா?" என்றாள். "இது முதலீடு, உனக்குப் புரியாது" என்றேன். அவள் கிரானைட்டை இன்னொரு தரம் தடவிவிட்டுப் போனாள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குள் அந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு ஏலத்துக்கு வந்தது. அடிமாட்டு விலை, விடுவேனா? இருபத்திரண்டாயிரம் டாலருக்கு வாங்கிவிட்டு, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த வாரம் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் ப்ரூயிட் வந்தார். என் கிரானைட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அக்கம்பக்கத்துல என்ன விலைக்குப் போச்சோ அதை வச்சுதான் சார் உங்களுக்கும் விலை போடணும். இந்தத் தெருவுல இந்த வருஷம் வித்தது பக்கத்து வீடு ஒண்ணுதான். இருபத்திரண்டாயிரமாம். எந்தப் புண்ணியவான் சார் வாங்கினான்?"

"நான்தான்."

அவர் பேனாவை மூடிவிட்டு, "அப்ப யார் மேலயும் கோபப்பட முடியாது" என்றார்.

அவர் போட்ட விலைக்கு வங்கி பெரிய கடன் தராது. ஜூனுக்குள் புதுக் கடன் கிடைக்காவிட்டால் நாங்கள் இருக்கும் வீடு போய்விடும், அக்கா. வங்கிக்கு ஓடினேன். "நல்ல வாடகைக்கு ஆள் இருக்குன்னு ஒப்பந்தத்தைக் காட்டுங்க, திரும்பப் பாக்கலாம்" என்றார்கள். நான் கேட்கும் வாடகைக்கு அந்தத் தெருவில் ஒரு குருவிகூட வராது. கடைசியில் லோர்னாவிடமே, "வாடகைக்கு வர்றவள்னு சும்மா பேருக்கு ஒரு கையெழுத்து போடு, போதும்" என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டேன். "சரி" என்றாள். தாளை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். எவ்வளவு நல்ல மனசு பார். ஆகவே நீ கவலையை விடு, எங்கள் வீட்டுக்கும் குடும்பத்துக்கும் ஒரு குறையும் வராது.

அத்தானுக்கு என் அன்பைச் சொல். உன் பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, சொந்தக் கூரையின் கீழ் வாழக் கர்த்தர் அருள் புரிவாராக.

உன் தம்பி,
ஆர்வில்

பி.கு.: தபால்தலை வாங்கிக்கொண்டு திரும்பினால் லோர்னாவைக் காணோம். நாயையும் காணோம், தையல் மெஷினையும் காணோம். ஒப்பந்தம் மேசைமேல் இருந்தது. கையெழுத்தை அழகாகப் போட்டிருக்கிறாள். குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் 'ஒருவர்' என்று எழுதியிருக்கிறாள். ஓடிப்போய் அந்தக் கிரானைட் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. "வீட்டுக்காரர் உள்ள வரணும்னா இருபத்துநாலு மணி நேரம் முன்னாடி எழுதிக் கொடுக்கணும், சட்டம்" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் இருபத்துமூன்று மணி நேரம் இருக்கிறது. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், அதற்குள் நீ அவளிடம் ஒரு வார்த்தை பேசு, அக்கா.