முன்னுரையில் வந்த மனைவி

நாவலை எழுதியவர் காலமாகிப் பல்லாண்டுகள் ஆகியிருக்கலாம். அதற்கு முன்னுரை எழுதியவர் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். இந்த வித்தியாசம் தெரியாமல் எண்பதுகளில் நான் ஈப்போவில் பதிப்பாளரானேன்.

தூண்டிவிட்டவன் சேகர். வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தா (அதனால் தன்னையும் பாதி வழக்கறிஞர் என்று நினைத்திருந்தான்). மெட்ராஸில் அச்சான ஒரு பழைய நாவலின் மலிவுப் பதிப்பைக் காட்டினான்.

"எழுதுனவரு செத்து ரொம்ப நாளாச்சு மச்சான். உரிமை முடிஞ்சிருச்சு. யாரு வேணும்னாலும் போடலாம்லா."

சிலிபின் பகுதி அச்சகத்து அந்தோணி அண்ணனிடம் ஓடினேன். "அட்டையிலேருந்து அட்டை வரைக்கும் அப்படியே அடிங்கண்ணே. பதிப்பாளர் பேரு இருக்கிற எடத்துல மட்டும் என் பேரு." பிழை திருத்த வந்த தாள்களில் அட்டையை மட்டும் பார்த்தேன், ஆசை தீர.

வெளியீட்டு விழாவுக்குத் தாப்பாவிலிருந்து என் வருங்கால மாமனார் வந்திருந்தார். எஸ்டேட்டில் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எதையும் முதல் வரியிலிருந்து படிப்பவர். பக்கத்தில் மகள் வசந்தி, ஆசிரியை. மறுமாதம் எங்களுக்கு நிச்சயதார்த்தம்.

நான் நன்றியுரையைத் தொடங்குவதற்குள் மாமனார் எழுந்தார்.

"தம்பி, யாரு இந்தக் கமலம்?"

சபை திரும்பியது. அவர் முன்னுரையை உரக்கப் படித்தார்: "கண்விழித்து உதவிய என் அருமை மனைவி கமலத்துக்கும் என் செல்லக் குழந்தைகளுக்கும் நன்றி." அடியில், பதிப்பாளர் என்று என் பெயர்!

மெட்ராஸ் பதிப்பாளரே முன்னுரையும் எழுதியிருந்தார். அந்தோணி அண்ணன், நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார்.

சேகர் காப்பாற்றப் பாய்ந்தான். "ஐயா, அது இவன் பொண்டாட்டி இல்ல. வேற ஒருத்தரு பொண்டாட்டி!"

மாமனார் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். வசந்திதான், "இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, சேகர் கையிலிருந்த மெட்ராஸ் புத்தகத்தை வாங்கி ஒப்பிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கதைக்கு உரிமை முடிஞ்சிருச்சு, சரி. முன்னுரை மெட்ராஸ்காரரு இப்ப எழுதுனதுலா. அது அவரோடது. பொண்டாட்டியும் அவரோடது."

சேகர் முதல் ஆளாக மேசையிலிருந்த புத்தகங்களை அள்ளினான்.

விற்பனையை நிறுத்திவிட்டு எல்லோருமாகத் தரையில் உட்கார்ந்து முன்னுரையைக் கிழித்தோம். ஒரு தாளை உருவினால் அதனோடு சேர்ந்த இன்னொரு தாளும் கழன்று வந்தது. கதாநாயகி அறிமுகமாகும் பக்கமே போயிற்று. மாமனாரும் கிழித்தார், என்னை முறைத்தபடியே.

கல்யாணம் நடந்தது. பேரன் பேத்திகள் வந்துவிட்டார்கள். இன்றும் நான் வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமானால், வசந்தி கதவைத் திறந்துகொண்டே கேட்பாள்:

"மூத்தவ கமலம் வீட்டுலயே சாப்பிட்டு வந்துட்டீங்களா?"