தெரேஸ் அம்மாவும் நலம்

லா சப்பல், பாரிஸ்

மதிப்புக்குரிய அத்தானுக்கு உங்கள் மச்சான் பாலச்சந்திரன் எழுதுவது. நாங்கள் இங்கே நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். தெரேஸ் அம்மாவும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீங்கள் பாதியில் அழத் தொடங்கிவிடுவீர்கள்.

இந்தப் பகுதி ரயில்வே தொழிலாளர்கள் எழுபது வருடத்துக்கு முன் தொடங்கிய பனிச்சறுக்குக் கழகத்துக்கு அவதான் தலைவி. நான் கடையை விட்டு நகர முடியாத ஐந்து பனிக்காலமும் மகள் மிருணாளினியை மலைக்குக் கூட்டிப்போய், தன் மகளின் பழைய ஜக்கெற்றைப் போட்டுவிட்டுச் சறுக்கப் பழக்கிய மனிசி. இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் நாற்பது உறுப்பினர் சேராவிட்டால் கழகத்தை மூடவேண்டும் என்றார்கள். இருந்ததோ பதினொரு பேர், எல்லாரும் முழங்கால் வருத்தக்காரர். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அச்சகக்கார உதயனிடம் அவவின் படத்தைக் கொடுத்து, "எங்கட சனம் நிண்டு பாக்கிற மாதிரி ஒரு நோட்டீஸ் அடிச்சுத் தா தம்பி" என்றேன். அவன் நாள் முழுக்க அடிப்பது மரண அறிவித்தல். கை பழகின பழக்கத்தில் படத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே கழகம் தொடங்கிய ஆண்டையும் இந்த ஆண்டையும் போட்டு, இடமும் நேரமும் பெரிதாய்ப் போட்டுவிட்டான். நானும் வடிவாய்த்தான் கிடக்குது எண்டு கடைகடையாய் ஒட்டினேன். எனக்கும் கண் பழகிப்போச்சுது அத்தான்.

கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை திரான்சி, பொபினி, ஸ்தேன் எண்டு எல்லா இடத்திலிருந்தும் சனம் வெள்ளை உடுப்போடு வந்து இறங்கிச்சுது. வாசல் மேசையில் கிடந்த உறுப்பினர் படிவத்தை அனுதாபப் பதிவேடு என்று நினைத்து, அறுபத்துமூன்று பேர் பேரும் விலாசமும் எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டினம். பக்கத்துக் கடை ஜெகதீஸ்வரி அக்கா மலர்வளையத்தோடு உள்ளே போக, தெரேஸ் அம்மா கோப்பித் தட்டோடு எதிரே வந்தா. அக்கா வளையத்தை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தா. அது பெரிய வளையம்.

நான் உண்மையைச் சொன்னேன். தெரேஸ் அம்மா கோப்பித் தட்டை மேசையில் வைத்தா. பிறகு பிரெஞ்சில் சொன்னதை மிருணாளினி தமிழில் சொன்னாள்: "தான் செத்தா ஏழு பேர் வந்தாலே பெரிசு எண்டு நினைச்சவவாம் அப்பா." எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுதிய பெயர்களை வெட்டுவோமா என்று செயலாளர் கேட்க, "உயிரோட இருக்கிற மனிசிக்கு எழுதின பேரை என்னத்துக்கு வெட்டுவான்? கிடக்கட்டும்" என்றா ஜெகதீஸ்வரி அக்கா. ஒருவரும் வெட்டவில்லை. கழகம் தப்பிவிட்டது.

மிச்சம் உங்கள் அலுவல்தான். முகநூலில் அந்த நோட்டீசைப் பார்த்துவிட்டுக் கழகத்துக்கு இரண்டு பக்க இரங்கலுரை அனுப்பியிருக்கிறீர்கள். "பனிமலைகளைப் பாதத்தால் அளந்த பெருமாட்டி" எண்டெல்லாம் எழுதினதைப் பார்க்க எனக்கு வெக்கமாய்க் கிடக்குது. தயவுசெய்து இன்றைக்கே அதைத் திரும்பப் பெற்று ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்புங்கோ.

அக்காவுக்கு என் வணக்கம். மருமக்கள் நூறு வயது வாழட்டும்.

இப்படிக்கு,
பாலச்சந்திரன்

பி.கு: மன்னிப்பு ஒன்றும் அனுப்பவேண்டாம். மிருணாளினி உங்கள் உரையைப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டிவிட்டாள். தெரேஸ் அம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கழகச் சுவரில் தொடக்ககாலத்து மரச் சறுக்குப் பலகைகளுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறா. "ஆன்மா சாந்தியடையட்டும்" என்ற கடைசி வரிக்கு மேல் மட்டும் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருக்கிறா. நேரம் வரும்போது அதை உரிக்கிற பொறுப்பு என்னுடையதாம்.