வழுக்கை வேறு, மொட்டை வேறு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இப்போதெல்லாம் மகளிர் குழுக் கூட்டங்களில் 'தொழிலில் துணிந்து இறங்குவது எப்படி' என்று பேச என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு முன்னால் பேசுகிறவர் "பயத்தைத் தூக்கிப் போடுங்கள்!" என்று முழங்கிவிட்டு உட்காருவார். நான் மைக்கைப் பிடித்து, "தூக்கிப் போட்டுடாதீங்க, பத்திரமா வெச்சிக்கோங்க, தேவைப்படும்" என்பேன். கூட்டம் சிரிக்கும். நான் சிரிப்பதில்லை. வாழ்க்கையில் நான் பயமில்லாமல் இருந்தது மொத்தமே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் பத்தொன்பது பேருடைய தலையைப் பதம் பார்த்துவிட்டேன்.

அப்போது ஆர்.கே.பேட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். தொழில் முனைவோருக்கு மூன்று நாள் பயிற்சி என்று அறிவிப்பு வந்தது. மதியச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்ததால் போனேன். (உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்?) பயிற்சி கொடுத்தவர் அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். "எல்லோரும் விற்பதையே விற்காதீர்கள், உங்களுடையது என்று ஒன்றைச் சேருங்கள்" என்றார். அதை நோட்டில் பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். "உங்கள் முகமே உங்கள் முத்திரை" என்றார். அதற்கும் கோடு. "விற்பதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள்" என்றார். அதையும் எழுதினேன். யாரிடம் சோதிக்க வேண்டும் என்று அவர் விளக்க ஆரம்பித்தபோது சாம்பார் வாசனை வந்துவிட்டது. அந்தப் பக்கம் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

மறுவாரமே வேலையை விட்டேன். பள்ளிக்கூடத்தில், "திரும்பி வந்தா எடம் இருக்காதும்மா" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் எதற்குத் திரும்பி வரப்போகிறேன் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். (அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.)

என் திட்டம் சந்தனம். திருத்தணிக்கு வருகிறவர்கள் முடி காணிக்கை கொடுத்து, குளித்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டுதான் மலையேறுவார்கள். எல்லாக் கடையிலும் ஒரே மாதிரிச் சந்தனம். அதில் 'என்னுடையது' எதைச் சேர்ப்பது? சித்திரை வெயிலில் மொட்டைத் தலைக்கு என்ன வேண்டும்? குளிர்ச்சி! நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு வாங்கினேன். தலைவலித் தைலத்தில் சில்லென்று இருக்குமே, அது இதன் வேலைதான். அதைத் தாராளமாகக் கலந்து, 'குளுகுளு சந்தனம்' என்று பெயர் வைத்தேன். டப்பா மூடியில் நான் சிரிக்கிற போட்டோவை ஒட்டினேன்.

சோதனைக்கு வீட்டிலேயே ஒரு தலை தயாராக இருந்தது. என் மாமனாருக்கு இருபது வருடமாக வழுக்கை. பூசியதும் கண்ணை மூடிக்கொண்டார். "ஆஹா! மண்டையில ஏசி போட்ட மாதிரி கீதும்மா. தினம் பூசு" என்றார். ஒரு வாரம் தினமும் பூசினேன். தினமும் ஆஹா.

என் கணவர் மட்டும் சந்தேகப்பட்டார். அவர் எனக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எனக்குப் பாவாதான். ஊரிலேயே அப்படி ஒரு சுருட்டை முடி கிடையாது. சட்டைப் பையில் பேனா இருக்காது, சீப்பு இருக்கும். "நைனா தலையில பார்த்தா போதுமா? வேற யாருக்காவது பூசிப் பார்க்கக் கூடாதா?" என்றார்.

"உங்க தலைக்குப் பூசட்டுமா?" என்றேன். சீப்பைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மலையடிவாரத்தில் சரவணப் பொய்கைக் கரையில் பூவும் தேங்காயும் விற்கிற கஸ்தூரி அக்கா, டப்பாக்களைக் கடை முன்னால் வைக்கச் சம்மதித்தாள். "இத்தினி வருசமா கட வெச்சிகினு கீறேன். ஒருத்தர் வந்து ஒண்ணு சொன்னதில்ல. ஒன்னால கெட்ட பேரு வந்துச்சு, அப்பறம் இந்தப் பக்கமே வரக் கூடாது" என்றாள். எனக்கு அவளை விட்டால் வேறு கடை கிடையாது. விட்ட வேலையும் கிடையாது.

அன்று கிருத்திகை. நகரிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. கூட்டி வந்தவர் மாங்காய் மண்டி வைத்திருப்பவராம், கங்காதரம் என்று பெயர், ஆறடி உயரம், முறுக்கு மீசை. அண்ணன் தம்பி, பங்காளி, மாமியார் என்று பத்தொன்பது பேர். அத்தனை பேருக்கும் மொட்டை. நானே கடை முன்னால் நின்று, "புது மாதிரிங்க, வெயிலே தெரியாதுங்க" என்று டப்பாவைத் திறந்து கொடுத்தேன். வரிசையாகப் பூசிக்கொண்டார்கள்.

முதலில் எல்லாருமே ஆஹா என்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. முருகனை நினைத்து உருகுகிறார் என்று நினைத்தேன். அடுத்தவருக்கும் உருகியது. பிறகு எல்லாருமே ஒற்றைக் காலில் குதிக்க ஆரம்பித்தபோதுதான் இது பக்தி இல்லை என்று உறைத்தது. ஒருவர் தலையை ஒருவர் ஊதினார்கள். துண்டால் விசிறினார்கள். காற்றுப் பட்டதும் இன்னும் எரிந்தது. ஒருவர் பொய்கையில் முங்கி எழுந்து, முன்னைவிடப் பெரிதாக அலறினார்.

கத்தி பட்ட தோல்! இந்த மூன்று வார்த்தை அப்போதுதான் என் மூளைக்கு வந்து சேர்ந்தது.

நான் என்ன செய்தேன்? கஸ்தூரி அக்கா கடைக்குள் பாய்ந்து தேங்காய் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். வளையல் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். யாருக்காவது கண் போய்விட்டால்? போலீஸ் வந்தால்? இந்த ஊரில் எந்த முகத்தோடு நடப்பேன்? அந்த முகம்தான் ஒவ்வொரு டப்பா மூடியிலும் சிரித்துக்கொண்டிருக்கிறதே! "முருகா, இன்றைக்கு முழுசாக வீடு போய்ச் சேர்ந்தால் மொட்டை போடுகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டும்போதே கை என் பின்னலைத் தொட்டது. "...பாவாவுக்கு" என்று வேண்டுதலை முடித்தேன்.

கண்ணைத் திறந்தால் எதிரே அலமாரியில் விளக்குக்கு விற்கிற தேங்காய் எண்ணெய். அதைப் பார்த்ததும் மாமா ஞாபகம் வந்தது. காலையில் எழுந்ததும் கை நிறையத் தேங்காய் எண்ணெய் எடுத்து வழுக்கையில் தேய்த்துக்கொள்வது அவர் வழக்கம். அதன் மேல்தான் தினமும் என் சந்தனத்தைப் பூசியிருக்கிறேன். எரியாததற்குக் காரணம் அந்த எண்ணெய்தானோ?

வெளியே, "எவரம்மா இத்த செஞ்சது?" என்று கங்காதரத்தின் குரல் கேட்டது. கஸ்தூரி அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பின்பக்கத் தட்டியில் ஓர் ஆள் நுழைகிற சந்து இருந்தது, ஓடியிருக்கலாம். ஓடினால் பத்தொன்பது பேரும் துரத்துவார்களே என்ற பயம், அதுதான் உண்மை. எண்ணெய் பாட்டில்களை அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் கையில் டப்பா. மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மூடியைப் பார்த்தார். போட்டோவில் நான் சிரித்தேன், நேரில் அழுதுகொண்டிருந்தேன்.

"நான்தாங்கண்ணா செஞ்சேன். உக்காருங்க, எண்ணெய் தேச்சா நின்னுடுங்க" என்றேன். நிற்கும் என்று எனக்கே நிச்சயமில்லை. அவர் முறைத்தபடி படியில் உட்கார்ந்தார். எண்ணெயை ஊற்றித் தேய்த்து, துணியால் துடைத்து, மறுபடி தேய்த்தேன். இன்னும் எரியுதாண்ணா என்று கேட்கப் பயம். கேட்காமல் இருக்கவும் பயம். ரொம்ப நேரம் கழித்து மூச்சு விட்டார். "ஆங்... கொறயுது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடன்பட்டவள். பொய்கைப் படியில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து, நானும் கஸ்தூரி அக்காவும் தலை தலையாகத் தேய்த்தோம்.

"பயந்துட்டியாம்மா?" என்றார் கங்காதரம்.

"ஆங்."

"நானும்தாம்மா. முடியோட தலையும் போச்சுன்னு நெனச்சேன்."

அவருடைய மாமியார் மட்டும் தலையைத் துடைக்க விடவில்லை. "மூக்கு அடச்சிகினு ஒரு மாசமா தூக்கமில்லம்மா, இப்பத்தான் மூச்சு வருது. இன்னொரு டப்பா குடு" என்றார். மருமகன் கையெடுத்துக் கும்பிட்டு அவரை வேனில் ஏற்றினார்.

கஸ்தூரி அக்கா மீதி டப்பாக்களை மூட்டை கட்டி என் கையில் கொடுத்தாள். தொழில் முடிந்தது என்று நினைத்தேன். "ஓடியிருந்தேன்னா இதோட உட்டிருப்பேன். சரியா செஞ்சி எடுத்துகினு வா. ஆனா வழுக்கையில பார்த்துட்டு வராத. மொட்டையில பார்த்துட்டு வா" என்றாள். கோட்டுக்காரர் சொல்ல வந்ததும், சாம்பார் மறைத்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், வேண்டுதல் உட்பட. பாவா சீப்பைக் கீழே வைத்தார். "வேண்டிகினது நீ. தல மட்டும் என்னுதா?" என்றார்.

"சாமி காரியம்டா, பேசாத" என்றாள் அத்தை. அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. மறுநாளே மொட்டை. பூசிவிட்டு எண்ணெய் பாட்டிலோடு பக்கத்திலேயே நின்றேன். அவர் அலறுவார், நான் உப்பைக் குறைப்பேன். மூன்றாவது கலவையில்தான் அலறல் நின்று 'ம்' என்றார். அந்த 'ம்'தான் இன்று சுற்றுவட்டாரக் கடைகளில் விற்கிற சந்தனம்.

இப்போது வெட்டிவேர் சேர்த்தது, வேப்பிலை சேர்த்தது என்று வகைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் புதிதாக மழித்த தலை வேண்டும். மாமா மட்டும் இன்றும் தன் வழுக்கையை நீட்டுகிறார். எங்கள் வீட்டுக்கு வருகிற ஆண்கள் வாசலிலேயே, "புதுசா ஏதாவது அரைக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

போன வாரம் மகள் எங்கள் கல்யாண போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, உன் பக்கத்துல சுருட்ட முடி வெச்சிகினு நிக்கறாரே, அவரு யாரும்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து பாவாவின் குரல் வந்தது. தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்ததால் எழுந்து வர முடியவில்லை.

"உங்கம்மா தொழில் ஆரம்பிக்கறதுக்கு முந்தி இங்க இருந்த ஆளுடி."