கோழி என்று சொன்னவர்

"பறக்காதாம். மனுஷனைப் பார்த்தா பயப்படாம பக்கத்துல வந்து நிக்குமாம். டோடோவும் இல்ல, கீடோவும் இல்லங்க. யாரோ விட்ட கதை!" என்றார் இன்ஜினியர், சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

காப்பாளருக்குக் காது சிவந்தது. தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே அருங்காட்சியகத்தின் பறவைக் கூடம் அவர் பொறுப்பு. அழிந்துபோன டோடோவின் நிஜக் கால் எலும்பு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறார். அவர் வீட்டுக்கே வந்து, அவர் காபியையே குடித்துக்கொண்டு இப்படிப் பேசினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனால் பொறுத்துத்தான் ஆகவேண்டும். இன்ஜினியர் மகனுக்குத் தன் மகளைக் கொடுப்பதாகக் காப்பாளர் வாக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணத் தேதி பேசத்தான் இன்ஜினியரும் அவர் மனைவியும் வந்திருக்கிறார்கள். உயிரே போனாலும் காப்பாளர் வாக்கு மாறமாட்டார். அவர் மனைவி காலையிலேயே கெஞ்சியிருந்தாள், "இன்னிக்கு ஒரு நாள் அந்தப் பறவையைப் பத்தி வாயைத் திறக்காதீங்க."

அவர் திறக்கவில்லை. இன்ஜினியர்தான் தானாக ஆரம்பித்தார்.

"போகட்டும், தேதியைப் பேசலாமே," என்றாள் காப்பாளரின் மனைவி.

"அதெப்படிம்மா விடறது?" என்றாள் மகள். "அப்பா, அந்த மண்டையோட்டைக் காட்டுங்க. அங்கிள் நம்பிடுவார்."

பெண் என்றால் இப்படி இருக்கவேண்டும். காப்பாளர் அலமாரியிலிருந்து மண்டையோட்டை எடுத்து வந்தார். "நிஜ மண்டையோட்டை வெச்சு அச்சு எடுத்து வார்த்தது."

இன்ஜினியர் விரலால் தட்டினார். "பிளாஸ்டர். எங்க வீட்டுக் கூரையும் இதேதான். அங்கயும் டோடோ இருந்துச்சா?"

காப்பாளரின் தொடையில் மனைவி கிள்ளினாள்.

"பழைய ஓவியமெல்லாம் இருக்கேப்பா!" என்று மகள் எடுத்துக் கொடுத்தாள்.

"ஒண்ணு குண்டா இருக்கு, ஒண்ணு ஒல்லியா இருக்கு," என்றார் இன்ஜினியர். "ஆக, அது எப்படி இருந்துச்சுன்னே உங்களுக்குத் தெரியாது."

"மாலுமிங்க எழுதி வெச்சிருக்காங்க சார்!" காப்பாளரின் குரல் உயர்ந்தது. "பிடிச்சுத் தின்னிருக்காங்க. கறி நல்லாயில்லன்னு குறை வேற! இல்லாத பறவையை எவனாவது குறை சொல்வானா?"

"ஏன் சொல்ல மாட்டான்? போடாத ரோட்டுல குழின்னு எங்க ஆபீசுக்கே புகார் வருதுங்க."

மனைவி இன்னொரு முறை கிள்ளினாள். அந்த இடம் ஏற்கெனவே மரத்துப்போயிருந்தது.

மகள் சாவிக்கொத்தை நீட்டினாள். "நிஜ எலும்பையே காட்டிடுங்கப்பா."

அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. எல்லோரும் இன்ஜினியரின் காரிலேயே போனார்கள். கூடத்தின் விளக்கைப் போட்டதும் காப்பாளரின் கோபம் பாதி இறங்கிவிட்டது. அந்த எலும்பைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

இன்ஜினியர் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, அதை விழுங்கிவிட்டார். பிறகு, "கோழி," என்றார். "நல்லாத் தீனி போட்டு வளர்த்த கோழி."

காப்பாளர் பெட்டியைத் திறந்து எலும்பைக் கையில் எடுத்தார். எச்சரிக்கை மணியை அணைக்க மறந்துபோனார். அது ஊரைக் கூட்டுவது போல அலறியது. காவலாளி தடியோடு ஓடிவந்து, எலும்பும் கையுமாக நின்ற காப்பாளரையே பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான்.

அந்தச் சத்தத்திலும் இன்ஜினியர் விடவில்லை. "கோழிதான்! கோழியேதான்!"

"டோடோவைக் கோழின்னு சொன்ன வீட்டுல என் பொண்ணு வாழமாட்டா!" காவலாளியின் பிடியில் துள்ளியபடி காப்பாளர் கத்தினார். "வாக்காவது ஒண்ணாவது! இந்தக் கல்யாணம் நடக்காது! வெளியே போங்க!"

மணி நின்றது. இன்ஜினியர் விறுவிறுவென்று காருக்குப் போய்விட்டார். காப்பாளரின் மனைவி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள். மகள் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தாள், தோள்கள் குலுங்கின. அம்மாவை அணைத்தபடி வெளியே நடந்தாள்.

செத்துப்போன பறவைக்காகப் பெற்ற பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே! காப்பாளருக்குக் கண் நிறைந்தது. காவலாளி பிடியை விட்டதும் எலும்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

இத்தனை நேரமும் வாயே திறக்காத இன்ஜினியர் மனைவி, வாசல் வரை போனவள், திரும்பி அவரிடம் வந்தாள்.

"மனசை உடைச்சுக்காதீங்கண்ணா, எங்க பையனுக்கும் உங்க பொண்ணுக்கும் இந்தக் கல்யாணத்துல துளிகூட இஷ்டமில்ல; 'எங்கப்பா வாக்கு மாறமாட்டார், ஆனா டோடோ இல்லன்னு மட்டும் சொல்லிப் பாருங்க'ன்னு அவதான் ஒரு வாரமா இவருக்கு வந்து சொல்லிக் கொடுத்தா!"