ஒரு தட்டு, இரண்டு தட்டு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அடுத்த தெருவில் இருக்கும் உங்களுக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நேரில் வந்தால் நீங்கள் "என்னம்மா பட்டதாரி?" என்பீர்கள், நான் "சும்மாதான் வந்தேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். அப்படித் திரும்பியும் இருக்கிறேன். நீங்களும் சித்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா நலம், நான் நலம். அப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீங்களும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. அது பெரியவர்கள் விஷயம், நான் தலையிடவில்லை. ஆனால் குப்பை லாரியை ஓட்டுவது தம்பி, பின்னால் நின்று அள்ளுவது அண்ணன். முன்பெல்லாம் அப்பா "நிறுத்துடா", "போலாம்டா" என்று கத்துவார். இப்போது வாயைத் திறந்தால் மானம் போய்விடும் என்று வண்டியின் பக்கவாட்டில் கையால் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. அவராகப் போட்டுக்கொண்ட சட்டம். "சித்தப்பாவுக்கு இது தெரியுமாப்பா?" என்று கேட்டேன். "அவன்கிட்ட நான் எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

எல்லாம் என் பட்டமளிப்பு விழாவில் வந்த வினை. வேலைக்கென்று கொடுத்த, முனையில் இரும்பு வைத்த பூட்ஸை அழுக்காகாமல் காப்பாற்றி, அன்றைக்குத்தான் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் அத்தனை பேர் முன்னால், "என்னண்ணே, இங்கயும் குப்பை அள்ளப் போறியா?" என்றீர்கள். அன்று அலமாரிக்குள் போன பூட்ஸ் இன்னும் வெளியே வரவில்லை. உடைந்த கண்ணாடிக்கும் யாரோ போட்டுவிட்டுப் போன ஊசிக்கும் நடுவே ரப்பர் செருப்போடு நிற்கிறார்.

புதன்கிழமை காலை ஆபீசுக்குப் போகும் வழியில், முட்டுச்சந்தில் நீங்கள் வண்டியை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்தேன். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் அப்பா, கையில் தொட்டியோடு. ஒரு தட்டுத் தட்டினார். குப்பையை அமுக்கும் சத்தத்தில் உங்களுக்கு என்ன கேட்டதோ, வண்டி நிற்கவில்லை. பயந்துபோய் மறுபடியும் தட்டினார். அவர் சட்டப்படியே அது "போ" என்று ஆகிவிட்டது. தொட்டி குறுக்கே நின்றதால் அது நசுங்கியது, அப்பா நசுங்கவில்லை.

வீட்டில், "தொட்டி வந்து கால்ல விழுந்துடுச்சு" என்றார். "ஆமா, அதுக்கு உங்க மேல அவ்ளோ பாசம்" என்று சொல்லிக்கொண்டே அம்மா துணி சுற்றினாள். கட்டைவிரல் நகம் போய்விட்டது. உங்களை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அவன் நல்லாத்தான் ஓட்டுறான்" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

சித்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: தலையிடவில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். நீங்கள் சமாதானம் ஆக வேண்டாம், வீட்டுக்கு வர வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொண்டே இருங்கள். நாளைக்கு வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்கண்ணே நிக்கிற?" என்று கேளுங்கள். அவர் வாயைத் திறந்து பதில் சொல்லும்வரை வண்டியை எடுக்காதீர்கள் சித்தப்பா.