ஜன்னலோர நாற்காலியும் பிஸ்கட் டப்பா காமிராவும்

இனிமேல் என் மனைவி என்னைப் பார்த்து "சும்மா உட்கார்ந்திருக்கீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அதற்கு விஞ்ஞான ரீதியாக ஓர் ஏற்பாடு செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான். அது எப்படி முடியும் என்பதை மட்டும் என் மனைவி பார்த்துக்கொள்வாள்.

என் உத்தியோகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவுக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய்களுக்குள் காமிரா விட்டுப் பார்ப்பவன் நான். ஒரு குட்டி வண்டி, அதன் மூக்கில் காமிரா, பக்கத்தில் விளக்கு. அது பாட்டுக்குக் குழாய்க்குள் ஊர்ந்து போகும். நான் மேலே வேனில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பேன். எங்கே விரிசல், எங்கே மரத்து வேர் புகுந்திருக்கிறது, எங்கே யாருடைய செருப்பு அடைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்வேன். பார்க்கிறவர்களுக்கு நான் உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். உண்மையில் ஊரின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருப்பேன்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து காமிரா என்றால் எனக்குப் பைத்தியம். மாத்திரை மாதிரி விழுங்குகிற காமிரா இருக்கிறது, தெரியுமா? குடல் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற வழியில் போய்விடும். காட்டில் மரத்தில் கட்டிவைக்கிற காமிரா இருக்கிறது. புலி நடந்துபோனால் தானாகப் படம் எடுத்துக்கொள்ளும், புலிக்குத் தகவல்கூட இல்லை. அந்தக் காலத்தில் இருட்டறையின் சுவரில் சின்ன ஓட்டை போட்டு, எதிர்ச் சுவரில் தலைகீழாக விழுகிற உருவத்தின் மேலேயே கோடு இழுத்துப் படம் வரைந்தார்களாம். இதையெல்லாம் நான் படிப்பது ஜன்னலோரம் என் சாய்வு நாற்காலியில். எங்கள் வீட்டில் ஒழுங்காக வெளிச்சம் விழுகிற ஒரே இடம் அதுதான்.

வினையும் அதுதான். என் மனைவி தையல்காரி. அவள் மெஷின் சமையலறைக்குப் போகிற நடையில், பல்புக்கு அடியில் கிடக்கிறது.

"கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டறேன். கண்ணு போகுது. ஜன்னல் பக்கம் மெஷினைப் போட்டுக்கறேனே."

"அப்ப என் நாற்காலி?"

"அதை நடையில போட்டுக்குங்க."

"நடையில வெளிச்சம் இல்லையேம்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"எனக்குப் படிக்கணும்."

"எங்க படிக்கறீங்க? லீவு நாளானா காலையில உட்கார்றீங்க, சாயந்தரம் எழுந்திருக்கறீங்க. நடுவுல புஸ்தகம் மூஞ்சி மேல கிடக்குது."

"நான் அதுல உட்கார்றதே கொஞ்ச நேரம்தான்."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

"சரி, நிரூபியுங்க" என்றாள். "வாய்க்கு வாய் காமிரா காமிராங்கறீங்களே, அதையே வைங்க. படத்துல நீங்க நாற்காலியில இருந்தா நாற்காலி வெளிய போகணும்."

"இல்லேன்னா?"

"நீங்க சும்மா உட்கார்ந்திருக்கீங்கன்னு நான் ஜென்மத்துக்கும் சொல்லமாட்டேன்."

பேரம் படிந்தது. நான் நேராகத் தெருமுனைக்கு ஓடினேன். அங்கே ஒரு போட்டோ ஸ்டுடியோ. அதன் முதலாளி, சிப்பந்தி, கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் ஒரே ஆள். தெருவே அவரைப் போட்டோக்காரர் என்றுதான் கூப்பிடும். பின்னால் ஒரு இருட்டறை வைத்துக்கொண்டு இன்னும் கையால் படம் கழுவுகிறவர். விஷயத்தைச் சொன்னேன்.

"செல்போன்ல வீடியோ எடுத்தா மாட்டிக்குவீங்க சார்" என்றார். "ஒரு பிஸ்கட் டப்பா கொண்டாங்க."

டப்பாவின் உள்ளே கறுப்பு அடித்தார். பக்கவாட்டில் ஊசியால் ஒரு துளை. உள்ளே போட்டோ காகிதம். துளையின் மேல் கறுப்பு டேப். அவ்வளவுதான் காமிரா. லென்ஸ் கிடையாது, பொத்தான் கிடையாது.

"காலையில டேப்பை எடுங்க. சாயந்தரம் ஒட்டுங்க. நாள் முழுக்கச் சேர்த்து ஒரே ஒரு படம். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. எது அசையாம இருக்கோ அதுதான் விழும். சுவர் விழும், மேஜை விழும். நடமாடற மனுஷன் விழமாட்டான்."

"நான் வீட்டுக்குள்ள நடந்துகிட்டே இருந்தா?"

"நீங்க அந்த வீட்லயே இல்லை சார்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. என்ன ஒரு காமிரா. உலகத்தில் எல்லாக் காமிராவும் இருக்கிறவனைக் காட்டுகிறது. இது இருக்கிறவனை ஒளித்துவைக்கிறது.

"ஒரு பத்து நிமிஷம் அப்படி உட்கார்ந்து எழுந்தா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேண்டாம் சார். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தாலே ஆவி மாதிரி ஒரு உருவம் விழுந்துடும். உட்காரவே உட்காராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. டப்பாவை அலமாரி மேல் வைத்து நாற்காலியைக் குறிபார்த்தேன். என் மனைவியே டேப்பை உரித்தாள். அவளுக்கு இந்த டப்பாவின் சூட்சுமம் எங்கே தெரியப்போகிறது என்று எனக்குள் ஒரே சிரிப்பு.

நடக்க ஆரம்பித்தேன். ஹாலில் ஒரு சுற்று, வாசலுக்கு ஒரு சுற்று. சும்மா நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று நடந்தவனுக்குத்தான் தெரியும்.

"எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா."

"சும்மா போறதுக்கு இந்தப் பக்கெட்டை எடுத்துகிட்டுப் போங்க. மாடியில துணி காயப்போடணும்."

போட்டுவிட்டு வந்தேன். நாற்காலி என்னைப் பார்த்தது. கைப்பிடியில் கையை வைத்தேன்.

"உட்காரப் போறீங்களா?"

"இல்லையே. தூசி இருக்கான்னு பார்த்தேன்."

"இருக்குல்ல? துணி அங்க இருக்கு. அப்படியே ஃபேனையும் துடைச்சிடுங்க."

ஃபேனைத் துடைத்தேன். பரணில் இருந்ததைக் கீழே இறக்கினேன். கீழே இருந்ததைப் பரணில் ஏற்றினேன். வெங்காயம் உரித்தேன், நின்றுகொண்டே. சாப்பிட்டேன், அதுவும் நின்றுகொண்டே. கல்யாண ரிசப்ஷனில்கூட எனக்கு இவ்வளவு கால் வலித்ததில்லை.

நடுவில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். இந்த வீட்டில் என் மனைவி எப்படிப் போகிறாள் வருகிறாள் என்று நான் பார்த்ததே கிடையாது. குழாய்க்குள் ஒரு மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவன் நான். நடையில் அவள் ஊசியைப் பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நூல் கோக்க முடியாமல் மறுபடி எச்சில் தொட்டுக் கோக்கிறாள். பக்கெட்டோடு நின்று பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நாற்காலி நாற்காலிதான். மேற்கொண்டு நடந்தேன்.

வெளிச்சம் இறங்கியதும் டேப்பை ஒட்டினாள். நான் டப்பாவை அணைத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஸ்டுடியோவுக்குப் போனேன். இருட்டறையில் சிவப்பு விளக்கு. போட்டோக்காரர் காகிதத்தைத் தட்டில் இருந்த திரவத்தில் அமுக்கி ஆட்டினார். ஒன்றும் இல்லாத காகிதத்தில் மெதுவாக ஜன்னல் கம்பி வந்தது. சுவர் வந்தது. முதலில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருந்ததை வேறொரு காகிதத்தில் நேராக்கித் தந்தார். எத்தனை காமிரா பார்த்தவன் நான், மூச்சுவிடாமல் பார்த்தேன்.

அத்தனை பேச்சும் அத்தனை வேலையும் நடந்த வீட்டில் ஒருத்தரும் இல்லை. நான் இல்லை, அவள் இல்லை, பக்கெட் இல்லை. நடுவில் என் நாற்காலி மட்டும் கம்பீரமாக, காலியாக.

வீட்டுக்கு வந்து படத்தை அவள் கையில் கொடுத்தேன். "பாரு. நல்லாப் பாரு. நான் இருக்கேனா?"

பல்புக்கு அடியில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"இல்லைங்க."

"அப்ப ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன். நீங்க அந்த நாற்காலியில உட்கார்றதே இல்லை."

அப்பாடா என்று இருந்தது. எத்தனை வருஷத்துப் பழி. சரி, இனி நிம்மதியாக உட்காரலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"இன்னொரு தடவை சொல்லிடுங்க" என்றாள். "உட்கார்றதே இல்லைதானே?"

"படமே சொல்லுதே."

"நானும் உட்கார்றதில்லை. அப்ப யாருமே உட்காராத நாற்காலி எதுக்குங்க வெளிச்சத்தை அடைச்சுகிட்டு?"

வாயைத் திறந்தேன். உட்காருவேன் என்றால் பழி உண்மை. உட்காரமாட்டேன் என்றால் நாற்காலி போச்சு.

மறுநாள் காலை வாசலில் போட்டோக்காரர், கைவண்டியோடு.

"நாற்காலி ரெடியாம்மா?"

"ரெடி. கால் ஆடும், பார்த்து ஏத்துங்க."

"என்னய்யா இது?" என்றேன்.

"ஸ்டுடியோவுல உட்கார நல்ல நாற்காலி இல்லை சார். இருட்டறைக்குக் கறுப்புத் திரை தைச்சுக் குடுக்க வந்தப்பவே அம்மா சொல்லிட்டாங்க, எங்க வீட்லேருந்து ஒண்ணு வரும்னு." தலையைச் சொறிந்தார். "மனசுல வைச்சுக்காதீங்க. நீங்க கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் படத்துல தெரிஞ்சிருக்காது. அம்மாதான், நீங்க கேட்டா அஞ்சு நிமிஷம்னு சொல்லச் சொன்னாங்க."

இப்போது ஜன்னலோரம் மெஷின் ஓடுகிறது. வெயிலில் ஊசியைப் பிடித்து ஒரே தடவையில் நூல் கோக்கிறாள், முகம் மலர்ந்திருக்கிறது. கொடுத்த வாக்கையும் காப்பாற்றுகிறாள். சும்மா உட்கார்ந்திருக்கீங்க என்று இன்றுவரை சொல்லவில்லை. உட்கார்ந்தால்தானே சொல்வதற்கு.

போன வாரம் பொறுக்கவில்லை. ஆபீஸ் அடையாள அட்டைக்குப் புதுப் படம் வேண்டும் என்று ஒரு பொய்யை ஜோடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். என் நாற்காலி விளக்குகளுக்கு நடுவில் இருந்தது. சாய்ந்தேன். முதுகு அதன் பள்ளத்தில் போய்ப் பொருந்தியது. கண் சொக்கியது.

"அப்படியே அசையாம உட்காருங்க சார்" என்றார் போட்டோக்காரர்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "எவ்வளவு நேரம்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

பளிச்சென்று விளக்கு அடித்தது.

"அவ்வளவுதான் சார், எழுந்திருங்க."